மேஸ்திரிக்கு ஒரே காது

திருச்சியில் டிரைவர் இல்லாத ஆட்டோக்கள் ஓட ஆரம்பித்து, ஸ்டாண்டில் நிற்கிற பழைய ஆட்டோக்காரர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே மீட்டருக்கு மேல் போட்டுத் தரச் சொல்லவும் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. இயந்திரத்தைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது? பக்கத்தில் யார் பேசுகிறார்களோ அவர்கள் புத்திதான் அதற்கும் வரும்.

அந்தக் காலத்தில் தில்லைநகர் கொள்ளிடம் எலும்பு மருத்துவமனையில் நடந்த கூத்து இது. அங்கே ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் மாடியில் உடை மாற்ற இரண்டு அறைகள். ஒரு கதவில் 'டாக்டர்கள்' என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் 'நர்ஸ்கள்'. கட்டடம் கட்டியவரைத் திட்டாதீர்கள், பாவம். எலும்பை அறுக்கவும் ஆணி அடிக்கவும் ஒரு பெண் வருவாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

நிறைமதி வந்தாள். முதல் நாள் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் பச்சை உடுப்போடு நர்ஸ்கள் அறைக்குள் போனாள். எட்டு வருஷம் ஆகியும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். அறை முழுக்க டிபன் டப்பாவும் கொண்டை ஊசியும் காயப்போட்ட துண்டும்தான். உட்கார ஒரே ஒரு பெஞ்சு, அதிலும் ஒரு கால் ஆடும். எலும்பு ஆஸ்பத்திரியில் அதற்கு வைத்தியம் பார்க்க ஆளில்லை.

டாக்டர்கள் அறையில் சோபா உண்டு, காபி மெஷின் உண்டு, சுவரளவு டிவியில் கிரிக்கெட் உண்டு. ஆனால் நிறைமதிக்கு வயிறெரிந்தது அதற்காக இல்லை. எந்த ஆபரேஷன் யாருக்கு என்பது அந்த அறையில்தான் முடிவாகும். தலைமை மருத்துவர் குலசேகரன் பேன்ட் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அந்த இடுப்புக் கேஸை நீ எடுத்துக்கப்பா" என்பார். எடுத்துக்கொள்ளும் அப்பா அந்த அறையில் இருக்கிறவராகத்தானே இருக்க முடியும்? நிறைமதி தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள்.

எலும்பு வைத்தியத்தில் இடுப்புக் குழி என்பது கோயிலில் மூலஸ்தானம் மாதிரி. விரல், கணுக்கால், குழந்தைகளின் வளைந்த பாதம் எல்லாம் வெளிப் பிரகாரம். நிறைமதி எட்டு வருஷமும் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "பொம்பளைக் கை பாருங்க, நுணுக்கமா இருக்கும்" என்று பாராட்டிப் பாராட்டியே விரல் பக்கம் தள்ளிவிட்டார்கள். இடுப்புக்குப் பலம் வேண்டுமாம். வேடிக்கை என்னவென்றால், இடுப்பு ஆபரேஷனில் உண்மையாகவே பலம் வேண்டிய வேலை, தொடைச் சதையைக் கொக்கியால் விலக்கி மணிக்கணக்கில் அசையாமல் இழுத்துப் பிடிப்பது. அந்த வேலையை மட்டும் தவறாமல் அவளுக்கே கொடுத்தார்கள்.

அதிலும் ஒரு உள்விஷயம் உண்டு. குலசேகரன் கீறல் போடுவார். உள்ளே எலும்பு தெரிந்ததும் அவர் போனுக்கு யாராவது முக்கியமானவர் கூப்பிட்டுவிடுவார். "நிறைமதி, கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று போவார். அவர் திரும்பி வரும்போது அவள் தையல் போட்டுக்கொண்டிருப்பாள். கேஸ் அவர் பெயரில் போகும். முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை ஒரே ஒரு இடுப்பை, தன் பெயரில், தானே செய்ய வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் வந்த ரித்தீஷ், போன மாதம்தான் மீசையை ஒழுங்காக ஒதுக்கக் கற்றுக்கொண்ட பையன், இரண்டு இடுப்பு செய்துவிட்டான். அவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. சோபா மேல்தான் கோபம்.

இந்த நிலைமையில்தான் மேஸ்திரி வந்தது.

அந்த இயந்திரத்தைச் செய்த கம்பெனி அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. வேலையைப் பங்கு போடுகிற ஆளுக்கு என்ன பெயரோ அதை நர்ஸ்கள் வைத்துவிட்டார்கள். மாடி முழுக்க அங்கங்கே சின்னச் சின்னக் காதுகளைப் பொருத்தினார்கள். சில வாரம் எல்லோர் பேச்சையும் கேட்டு, யாருக்கு எந்த வேலை கைவரும் என்று தானே கற்றுக்கொள்ளுமாம். அப்புறம் ஆபரேஷனுக்கு ஆள் போடுவது அதன் பொறுப்பு. அது சொன்ன ஆள் செய்யாவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தர மாட்டார்கள் என்று ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட்டது குலசேகரனேதான். 'மனித தயவு தாட்சண்யம் இல்லாத தேர்வு' என்று பேட்டிகூடக் கொடுத்தார். எந்த இயந்திரம் வந்தாலும் முதலில் தன்னைத்தான் தேர்ந்தெடுக்கும் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

கற்றுக்கொண்டு முடித்த மேஸ்திரி, ஒரு திங்கட்கிழமை காலை, எல்லோரும் கூடியிருந்த ஹாலில் வாயைத் திறந்தது. அப்போது காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் சகாயராணி என்ற அம்மாள், லாரியிலிருந்து விழுந்து இடுப்புக் குழி நொறுங்கிப் படுத்திருந்தார். ரித்தீஷ் கையை நீட்டி மடக்கித் தயாராக இருந்தான்.

"இடுப்புக் கேஸ். செய்யிறது டாக்டர் நிறைமதி" என்றது மேஸ்திரி. "கூட நின்னு கொக்கி பிடிக்கிறது டாக்டர் குலசேகரன். ரித்தீஷ் தம்பி ஓ.பி.யில உக்காந்து தையல் பிரிக்கட்டும்."

ஹாலில் யாரோ இருமினார்கள். நிறைமதிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. தலைமை நர்ஸ் ஜெனிஃபர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

குலசேகரன் சிரித்தார். முதல் நாள் என்றால் இயந்திரமும் தடுமாறும் என்று பெரிய மனது பண்ணினார். "இதோ பாருப்பா, நான் இங்க சீஃப். கொக்கி பிடிக்கிறது ஜூனியர்ஸ் வேலை. மறுபடி யோசிச்சு சொல்லு."

"அட போங்க டாக்டர், நீங்க வேற!" என்றது மேஸ்திரி. "கீறலைப் போட்டுட்டு போனைத் தூக்கிட்டுப் போயிருவீங்க. உள்ள கிடந்து மல்லாடுறது அந்தப் புள்ளை. பேரு மட்டும் உங்களுக்கா? ஊருக்கே தெரிஞ்ச கதையை எங்கிட்ட கேக்குறீங்களே!"

அந்த 'அட போங்க'வை நிறைமதி எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கேயோ என்ன, தினமும் காலையில் கேட்கிறாள். அப்படியே ஜெனிஃபர் அக்காவின் இழுப்பு.

கம்பெனி இன்ஜினீயர் ஹரிஷை ஆட்டோ வைத்துப் பிடித்துவந்தார்கள். ஆட்டோ கூடுதலாகக் கேட்டதில் அவனே எரிச்சலாக இருந்தான்.

"என்ன தம்பி மெஷின் இது? தெருக்குழாய்ச் சண்டை மாதிரிப் பேசுது" என்று குலசேகரன் பாய்ந்தார்.

"கேட்டதைத்தானே சார் பேசும். தியேட்டர்ல எல்லாரும் முகமூடிக்குள்ள முணுமுணுக்கிறீங்க, யாரு என்ன சொன்னாங்கன்னே அதுக்குப் புடிபடலை. உங்க டாக்டர்ஸ் ரூம்ல காதை அடைக்கச் சொல்லிட்டீங்க."

"பின்னே? அது எங்க தனிப்பட்ட இடம். நாலு ஆம்பளைங்க உக்காந்தா நாலு விஷயம் பேசுவோம்."

"அதான் சார். மிச்சம் இருந்தது நர்ஸ்கள் ரூம். அதை அடைக்கட்டுமான்னு உங்ககிட்ட கேட்டேனே? 'அங்க என்னத்தைப் பேசிரப் போறாங்க, புடவையும் புள்ளகுட்டியும்தான், இருந்துட்டுப் போவட்டும்'னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப இதுக்கு இருக்கிறது அந்த ஒரு காதுதான்."

 ஜெனிஃபர் கூரையை விட்டு ஹரிஷ் பக்கம் திரும்பினாள்.

"நாங்க துணி மாத்துற எடத்துலயா காது வச்ச? எங்கள ஒரு வார்த்தை கேட்டியா, பாவி?"

"காது மட்டுந்தாங்கக்கா. கண்ணு இல்ல."

"பெரிய உபகாரம்!"

"அழிச்சிருங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து கத்துக்கச் சொல்லுங்க" என்றார் குலசேகரன்.

"தாராளமா சார். ஆனா முதல்லேர்ந்து கத்துக்கணும்னா ரெண்டு பக்கமும் கேட்டாத்தான் நியாயம்னு கம்பெனி சொல்லுது. உங்க ரூம்லயும் காதைத் திறந்திரலாமா?"

டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோபாவில் உட்கார்ந்து அவரவர் சொன்னதெல்லாம் அவரவர் கண்ணுக்கு முன்னால் வந்து போயிருக்க வேண்டும். ரித்தீஷின் காது மடல் சிவந்துவிட்டது.

"அதெல்லாம் இப்ப அவசரம் இல்ல" என்றார் குலசேகரன்.

நிறைமதி அந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எட்டு வருஷ ஆசை கைக்கு எட்டிவிட்டது. ஆனால் அவள், "மேஸ்திரி, என்னைய எதை வச்சு எடுத்த?" என்று கேட்டுவிட்டாள்.

"அது கிடக்கு நெறைய. இடுப்புக் குழியை நீ கண்ணை மூடிக்கிட்டுப் பூட்டுவியாம். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாதாம். வேலூர்ல படிக்கையில தனியாவே இருபது செஞ்சியாம். அங்க பெரிய டாக்டருங்களே வந்து நின்னு பாத்துட்டு வாயைப் பொளந்தாங்களாம்."

ஜெனிஃபர் மறுபடியும் கூரையைப் பார்த்தாள்.

நிறைமதி வேலூரில் தனியாக ஒன்றுகூடச் செய்ததில்லை. காலையில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும் அவளைத் தேற்ற, மற்ற நர்ஸ்களிடம் ஜெனிஃபர் அக்கா அளந்துவிட்ட கதைகள் அவை. ரித்தீஷ் சோபாவில் அளந்ததை யாரும் சரி பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வார்டில் படுத்திருக்கும் சகாயராணியின் இடுப்பு கதையைக் கேட்டு ஒட்டிக்கொள்ளாது என்பதும் தெரியும்.

"அதெல்லாம் உண்மை இல்ல" என்றாள். "நான் தனியா ஆரம்பிச்சதே கிடையாது. ஆரம்பிச்சு வச்சதை முடிச்சிருக்கேன். ரத்தமும் சிந்தும்."

குலசேகரன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றது மேஸ்திரி. "அந்த ரூம்ல யாரு எது சொன்னாலும் பாதியைக் கழிச்சிட்டுத்தான் எடுத்துக்குவேன். ஜெனிஃபரு சொன்னா முக்காலைக் கழிப்பேன். கழிச்ச பிறகும் இந்தப் புள்ளைகிட்ட மிச்சம் இருக்கு. மத்தவங்களைப் பத்தி அங்க யாரும் ஒண்ணுமே சொல்லலையே, நான் எதுல கழிக்கிறது?"

இன்ஷூரன்ஸ் பணம் வர வேண்டுமே, நிறைமதியும் குலசேகரனும் சகாயராணியிடம் கையெழுத்து வாங்கப் போனார்கள். அந்த அம்மாள் நிறைமதியைப் பார்த்து, "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்றார்.

"நான்தாங்க டாக்டர். நான்தான் செய்யப் போறேன்."

"அப்ப இவரு?" என்று குலசேகரனைக் கண்ணால் காட்டினார்.

"இவர் இழுத்துப் பிடிப்பார்."

சகாயராணி குலசேகரனை மேலும் கீழும் பார்த்தார். வாழைத்தார் தூக்க ஆள் எடுக்கிறவர் பார்க்கிற பார்வை அது. "வயசாளியா இருக்காரே, தாங்குவாரா? பாத்துக்கங்க தாயி."

தாங்கினார், ஆனால் சுகமாக இல்லை. நிறைமதி முதல் கீறலைப் போட்டாள்.   எலும்பு தெரிந்ததும் வழக்கம்போலக் குலசேகரனின் போன் வெளியே அடித்தது. அவர் கதவைப் பார்த்தார். கொக்கியை விட்டால் சதை மூடிக்கொள்ளும். போன் அடித்து ஓய்ந்தது. முக்கியமானவர் என்ன ஆனாரோ தெரியாது, உலகம் நின்றுபோனதாகத் தகவல் இல்லை.

"நிறைமதி, கை மரத்துப்போச்சும்மா. கொஞ்சம் தளத்திக்கவா?"

"இன்னும் கொஞ்சம் சார். இப்ப தளத்தினா நரம்பு மேல பட்டுரும்."

அவர் நெற்றி வியர்வையை ஜெனிஃபர் துடைத்துவிட்டாள். "பழகிரும் டாக்டர்" என்றாள், முகமூடிக்குள் முகம் எப்படி இருந்ததோ!

நடுவில் ஒரு துண்டு எலும்பு உட்காராமல் அடம்பிடித்தது. நிறைமதி இருமுறை பொருத்தினாள், இருமுறையும் நழுவியது. குலசேகரன் மெல்ல, வேறு யாருக்கும் கேட்காதபடி, "பின்பக்கத்திலேர்ந்து தள்ளிப் பாரு" என்றார். தள்ளினாள், உட்கார்ந்தது. மனிதருக்கு வேலை தெரியாது என்று யார் சொன்னது? நின்று செய்ய வைக்கத்தான் இதுவரை ஆளில்லை. கடைசித் தையலைப் போட்டு நிமிர்ந்தபோது நிறைமதிக்கு முகமூடிக்குள் அப்படி ஒரு சிரிப்பு வந்தது. தாடை வலிக்கும்வரை சிரித்துக்கொண்டே நின்றாள்.

அன்று நர்ஸ்கள் அறையில் திருவிழா நடக்கும் என்றுதான் அவள் ஓடிவந்தாள். அறையில் சத்தமே இல்லை. நாலு பேர் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "வாழ்த்துகள் மேடம்" என்றாள் ஒருத்தி, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுவது மாதிரி. ஜெனிஃபர் சுவரைக் கண்ணால் காட்டினாள். காது கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். யார் துபாய்க்கு வேலை தேடுகிறாள், யார் மாமியாருக்கு எவ்வளவு வாய், எந்த வார்டுபாய்க்கு யார் மேல் கண் என்று ஓயாமல் பொங்கிய அறையில், சாப்பாட்டு டப்பா மூடும் சத்தம் மட்டும் கேட்டது. ஷப்னம் என்று ஒரு சின்ன நர்ஸ். கருக்கலைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அழ முடியாதென்று அந்த ஆடுகால் பெஞ்சில் வந்து அழுதுவிட்டுப் போவாள். அவளை நிறைமதி லிஃப்டில் பார்த்தாள். மேலேயும் கீழேயுமாகப் போய்க்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன்மா இங்க?"

"இங்கதான் மேடம் காது இல்ல."

நிறைமதி இரண்டு மாடி அவளோடு போனாள். பிறகு ஹரிஷுக்குப் போன் செய்து வரச் சொன்னாள்.

அவன் நர்ஸ்கள் அறை வாசலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். "எல்லாரும் உடுத்தித்தான்டா இருக்கோம், தொரை" என்றாள் ஜெனிஃபர்.

"சட்டப்படி உங்க பேச்சு உங்க சொத்துங்கக்கா. இங்க பேசினவங்க அத்தனை பேரும் சரின்னா, கேட்டதையும் அழிச்சிருவேன், காதையும் அடைச்சிருவேன். ஒருத்தர் வேணாம்னாலும் முடியாது. அழிச்சா மேஸ்திரிக்கு உங்களைப் பத்தி எதுவும் ஞாபகம் இருக்காது. தியேட்டர்ல காதுல விழுறதை வச்சுப் புதுசாத்தான் கத்துக்கும்."

எல்லோரும் நிறைமதியைப் பார்த்தார்கள்.

"நீ யோசிச்சுச் சொல்லு மதி" என்றாள் ஜெனிஃபர். "நாங்க வேற எங்கயாச்சும் பேசிக்குவோம். உனக்கு இன்னும் நாலு இடுப்பு வரட்டும், அப்பறம் அடைச்சுக்கலாம். இதை விட்டா மறுபடியும் உனக்காகப் பேச யாரு இருக்கா?"

நாலு இடுப்பு! நிறைமதியின் மனம் ஒரு கணம் அந்த நாலையும் வரிசையாகப் படுக்க வைத்துப் பார்த்தது. பொய் சொல்வானேன், நாக்கில் எச்சில்கூட ஊறியது. பிறகு லிஃப்ட் ஞாபகம் வந்தது.

"அடைங்க ஹரிஷ்" என்றாள். "எனக்கு எங்க பேச்சு சத்தம் இல்லாம தொப்பி மாட்டவே வரலை."

"வேற யாருக்காவது இதைச் சொல்லணுமாப்பா?" என்று கேட்டாள் ஜெனிஃபர். "சீஃபுக்கு, மத்த டாக்டருங்களுக்கு?"

"கட்டாயம் இல்லக்கா. உங்க ரூம் விஷயம்."

"அப்ப சொல்லிக்க வேணாம்."

காது அடைபட்டது. பத்து நிமிடத்தில் அறை பழையபடி பொங்கியது. ஷப்னம் பெஞ்சில் உட்கார்ந்து முதலில் அழுதாள், அப்புறம் ஜெனிஃபரின் புருஷன் குறட்டையைப் பற்றிக் கேட்டுச் சிரித்தாள்.

வெளியே நடந்ததுதான் கூத்து. நர்ஸ்கள் அறையில் புகழ்ந்து பேசினால் கேஸ் கிடைக்கும் என்று ஆண்களுக்குப் பதிந்துவிட்டது. ரித்தீஷ் ஜாங்கிரிப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். "சிஸ்டர், நேத்து என் முழங்கால் கேஸ் எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சுன்னா உள்ள போய் கொஞ்சம் சத்தமா..." இன்னொருவர் பால்கோவா. மூன்றாமவருக்கு சர்க்கரை வியாதி, அவர் முறுக்கு. நர்ஸ்களுக்கு எடை கூடிக்கொண்டிருந்தது.

தியேட்டரில் அதைவிட வேடிக்கை. மேஸ்திரிக்கு முணுமுணுப்பு புரியாது என்று தெரிந்துவிட்டதா, ஆளாளுக்கு கிரிக்கெட் வர்ணனை மாதிரிக் கத்த ஆரம்பித்தார்கள். "இப்போது ரித்தீஷாகிய நான் ஸ்குரூ போடுகிறேன்!" போடாத ஸ்குரூவைப் போட்டதாகச் சொன்னால் நர்ஸ்கள் களுக்கென்று சிரித்துவிடுவார்கள், ஆகவே போட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் நடுவில் போன் பேசப் போவதில்லை. வெளியே போனால் யார் பெயரைக் கத்துவது? வேறு வழியில்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் நல்ல டாக்டர்களாகிக்கொண்டிருந்தார்கள்.

நிறைமதிக்கு மட்டும் பயம் இருந்தது. அடுத்த இடுப்புக் கேஸ் வந்தது. முசிறிப் பக்கத்து மாட்டு வியாபாரி ஒருவரை அவருடைய காளையே முட்டித் தூக்கியிருந்தது. ஹாலில் கூடினார்கள். ஆதரவாகச் சொன்ன ஒரு வார்த்தைகூட இப்போது மேஸ்திரியிடம் இல்லை. தியேட்டரில் அவள் மற்றவர்களைப் போலக் கத்தவும் இல்லை, "பஞ்சு", "விளக்கை இப்படி" என்பதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை.

"இடுப்புக் கேஸ்" என்றது மேஸ்திரி. ஜெனிஃபரின் இழுப்பெல்லாம் போய், ரயில்வே அறிவிப்புக் குரலாகிவிட்டிருந்தது. "டாக்டர் நிறைமதி."

அவள் மூச்சை விட்டாள். "எதை வச்சு?" என்று இந்த முறையும் கேட்டுவிட்டாள். சும்மா இருக்கத் தெரியாத பெண்.

"தியேட்டரில் எல்லோரும் சந்தேகம் கேட்பது உங்களிடம். 'நிறைமதி, இது சரியா', 'நிறைமதி, இங்கே பார்' என்று அதிகம் காதில் விழும் பெயர் உங்களுடையது. டாக்டர் குலசேகரன்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம் கேட்கிறார்."

குலசேகரன் இந்த முறை மறுக்கவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அன்று நிறைமதி நர்ஸ்கள் அறையில் பச்சை உடுப்பை எடுத்து உதறும்போது கதவை யாரோ தட்டினார்கள். வெளியே குலசேகரன் குரல், சுவருக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே உரக்க. "நேத்து கடைசித் தையல் வரைக்கும் நான் நின்னேன், ஜெனிஃபர்! நீயே பாத்தியே!"

"பாத்தேன் டாக்டர், பாத்தேன்!" என்று ஜெனிஃபரும் உரக்கச் சொன்னாள். ஷப்னம் துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் வெளியே செருப்பு தேய்க்கும் சத்தம். பிறகு, குரல் தணிந்து, சுவருக்கு இல்லாமல் ஆளுக்கு மட்டும் பேசியது.

"நிறைமதி, உள்ள இருக்கியாம்மா? ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு அந்த ரித்தீஷ் பயலைக் கீறல் மட்டும் போட விடலாமா? நீ பக்கத்துல நின்னா போதும். கொக்கியை வேணா நானே பிடிக்கிறேன். நீ சரின்னா சரி."

உள்ளே எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நிறைமதி அவசரமே இல்லாமல் ஆடுகால் பெஞ்சில் உட்கார்ந்து, ஜாங்கிரியில் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"வெளியவே நில்லுங்க சார்" என்றாள். "டிரஸ் மாத்திட்டு வந்து சொல்றேன்."